துவக்குப் படிவம்

படிவம் ஒன்பது நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

முதல் இரண்டு நாளும் உறைக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் நாள் மகேஸ்வரன் அதை வெளியே எடுத்து, கறுப்புப் பேனாவால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, பெண்சாதி கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி போட்டான். அதற்குப் பிறகு இராசமணி அந்த மேசையில் கீரை ஆய்ந்தாள், வெங்காயம் உரித்தாள், வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டைக் கட்டினாள். மேசையைத் துடைக்கும்போது படிவத்தைத் தூக்கிக் கதிரையில் வைத்தாள். துடைத்து முடிந்ததும் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். ஒரு துளி தண்ணீர்கூட அதில் படவில்லை. கையெழுத்தும் விழவில்லை.

அது துவக்கு லைசென்சுக்கான, துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதிக்கான விண்ணப்பம். இந்த நாட்டில் ஒருவன் துவக்கு வைத்திருக்க விரும்பினால் வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டும். அவனைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும். கூட வாழ்கிறவளுக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அவளுடைய கையெழுத்தும் வேண்டும். மகேஸ்வரன் வகுப்புக்குப் போய்ச் சோதனையும் பாஸ்பண்ணிவிட்டான். சாட்சிக் கையெழுத்துகளும் வந்துவிட்டன. இராசமணியுடையதுதான் பாக்கி.

ஸ்காபரோவில் எட்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒக்டோபர் கடைசி. கீழே பஸ் தரிப்பில் நிற்கிறவர்கள் தொப்பி போடத் தொடங்கிவிட்டார்கள். பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் மேப்பிள் இலைகள் நனைந்து ஒட்டிக் கிடந்தன. ஹீற்றர் இன்னும் ஒழுங்காக வேலைசெய்யத் தொடங்கவில்லை. மகள் நிலாணி ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ சிக்னேச்சர். அப்பா எக்ஸாமும் பாஸ் பண்ணிட்டார். என்ன பிரச்சினை?"

"எனக்குத் துவக்கெண்டால் பயம்."

"வீட்டில வைக்க மாட்டார். வேலைசெய்யிற ஃபாம்ல லொக் பண்ணித்தான் வைப்பாங்கள். அவரே சொன்னவர்."

"எங்க வைச்சாலும் பயந்தான்."

"நீங்க சைன் வைக்காட்டி அந்த ஒபிஸ்ல இருந்து உங்களுக்குக் கோல் பண்ணிக் கேப்பாங்கள்."

"கேக்கட்டும். வாயில்லையா எனக்கு?"

நிலாணி அதற்குமேல் கேட்கவில்லை. சண்டை பார்த்த ஊரிலிருந்து வந்த பெண்ணுக்குத் துவக்கில் பயம் வருவது இயற்கைதான் என்று நினைத்தாள். தகப்பனிடம் போய், "ஷீ ஹாஸ் ட்ரோமா, அப்பா. கொஞ்சம் ரைம் குடுங்க," என்றாள். மகேஸ்வரன் வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அவனுக்குத் தெரியும், அது பொய். இராசமணியின் தகப்பன் ஊரில், படுவான்கரையில், வயல்காவலுக்குத் துவக்கு வைத்திருந்தவர். பன்றிக்கு வெடிவைக்கப் போகும்போது தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவள் அவள்தான். சண்டை தொடங்கிய வருடம் அதைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னபோது எண்ணெய்போட்டுத் துடைத்து உறைக்குள் வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். துவக்கு அவளுக்குப் பயமில்லை.

*

மகேஸ்வரன் பதினெட்டு வருடம் ஒரு கார் சீற் தொழிற்சாலையில் வேலைசெய்தான். அச்சுக்குள் நுரை ஊற்றி, வெந்ததும் கழற்றி, விளிம்பைக் கத்தியால் சீவுகிற வேலை. தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் வீட்டில் இருந்தான். ஐம்பதை எட்டிய, ஆங்கிலம் அளவாகத் தெரிந்த மனிதனை யாரும் அவசரப்பட்டு வேலைக்கு எடுக்கவில்லை. பதினொரு மாதம் அப்படிப் போனது.

பதினோராவது மாதம் பெப்ரவரி. அன்று இராசமணி வழக்கம்போல விடிய ஆறு மணிக்கு வேலைக்கு வெளிக்கிட்டாள். முதியோர் இல்லமொன்றின் குசினியில் அவளுக்கு வேலை. பனி கொட்டி பஸ் ஓடவில்லை. முக்கால் மணித்தியாலம் நின்றுபார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் காற்று அடித்தது. பல்கனிக் கதவு திறந்து கிடந்தது. மகேஸ்வரன் சாரத்தோடு, வெறுங்காலோடு, பனிக்குள் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவள் வந்த சத்தத்துக்கு அவன் திரும்பவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. கத்தவில்லை. ஓடவுமில்லை.

"இஞ்சேருங்க," என்றாள், நாளாந்தம் கதைக்கிற குரலில். "அடுப்பில பால் பொங்கப்போகுது. நான் சப்பாத்துக் கழட்டுறன். வந்து நிப்பாட்டுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் திரும்பினான். உள்ளே வந்து, அவளைக் கடந்து, குசினிக்குப் போனான். அடுப்பில் ஒன்றுமில்லை. குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் அவன் நிற்க, அவள் பல்கனிக் கதவைப் பூட்டினாள். வெந்நீர் வைத்து அவன் கால்களை அதற்குள் வைத்தாள். அடுத்தநாள் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் நீண்ட நேரம் கதைத்து, குளிசை எழுதி, வாராவாரம் ஒரு பெண்மணியிடம் போய்ப் பேசவும் ஒழுங்குசெய்தார். அப்போது நிலாணி வெளியூரில் யூனிவர்சிற்றியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பிரஷர் என்று அவளுக்குச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அதுவும் சொல்லவில்லை.

அன்றைய காலையைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பிறகு ஒருவரோடொருவர் கதைத்ததே இல்லை.

ஏப்ரல் மாதம் றவூப் வந்தார். ஊரில் அவர்கள் பக்கத்து ஏறாவூர் முஸ்லிம், பிளம்பர், மகேஸ்வரனைவிட ஐந்து வயது மூத்தவர். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே இரண்டரை மணித்தியாலம் ஓடினால் வருகிற ஒரு பண்ணையில் பைப் மாற்ற வேண்டும், பிடித்துத்தர ஆள் வேண்டுமென்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பண்ணைக்காரர் கிளைவ். எழுபது வயது. இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஒரு பெரிய காணியில் மான் வேட்டைக்கு வழிகாட்டியாக இருந்துவிட்டு, பெண்சாதியின் ஊரென்று கனடா வந்தவர். இங்கேயும் அதைத்தான் செய்தார். இலையுதிர் காலத்தில் நகரத்திலிருந்து வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவார்.

இந்த ஊர்க்காரர்கள் மரத்தில் பரண் கட்டி, மேலே ஏறியிருந்து மான் வரும்வரை பார்த்திருப்பார்கள். கிளைவுக்கு அது பிடிக்காது. நடக்க வேண்டும் என்பார். காற்றுக்கு முகம் கொடுத்து, ஓரடி வைத்து, நின்று, பார்த்து, அடுத்த அடி வைக்க வேண்டும். நூறு அடி போக அரை மணித்தியாலம் எடுத்தாலும் சரி. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஸ்ரோக்கிங்'. சுடாமல் திரும்பி வருவதும் அதில் அடக்கம்.

மகேஸ்வரனின் கண்ணின் கூர்மையைக் கிளைவ் அன்றே கண்டுபிடித்துவிட்டார். சீடார் மரத்தில் மான் கொம்பு உரசிய இடத்தையும், உயர்ந்த புல்லில் படுத்தெழும்பிய பள்ளத்தையும், கைவிடப்பட்ட பழைய ஆப்பிள் மரத்தடியில் எந்தத் திசையிலிருந்து வந்து போயிருக்கிறது என்பதையும் அவன் போகிறபோக்கில் காட்டினான். காற்றைப் பார்க்கக் கிளைவ் சின்னப் போத்தலில் பவுடர் வைத்திருப்பார். ஒருநாள் அது முடிந்துபோக, மகேஸ்வரன் பேர்ஸிலிருந்த திருநீற்றை ஒரு சிட்டிகை எடுத்து ஊதினான். அது என்ன என்று கிளைவ் கேட்டார். "டெம்பிள் பவுடர்," என்றான். உங்களுடையது எங்களுடையதைவிட மெல்லிசு என்று கிளைவ் மெச்சினார்.

கிளைவிடம் வழிகாட்டியாகச் சேர்ந்து, இரண்டு பருவம் துவக்கில்லாமல் வெறுங்கையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தான். இந்த வருடம் காப்புறுதிக்காரர்கள் சட்டம் போட்டார்கள். அடுத்த பருவத்திலிருந்து வழிகாட்டுகிறவன் துவக்கோடு போக வேண்டும். வாடிக்கையாளர் சுட்டு மான் காயத்தோடு ஓடினால் அதை முடித்துவைக்க ஆள் வேண்டும். லைசென்ஸ் இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு வேலை போய்விடும். அதனால்தான் படிவம்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கடந்த ஐந்து வருடத்தில் உன்னை நீயே மாய்த்துக்கொள்ள முயன்றாயா, மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்தாயா என்று. பக்கத்தில் ஓம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மகேஸ்வரன் இல்லை என்பதில் புள்ளடி போட்டிருந்தான்.

மூன்றாம் நாள் பின்னேரமே இராசமணி அதைப் பார்த்துவிட்டாள். விளங்காத சொற்களைப் போனில் தட்டிப் பார்த்து, இரண்டுதரம் வாசித்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பகல் றவூப் வீட்டுக்கு வந்தார். மகேஸ்வரன் கடைக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார் என்பது அவர் சப்பாத்தைக் கழற்றிய அவசரத்திலேயே தெரிந்தது. இராசமணி பால்தேத்தண்ணியும் சீனிச்சம்பல் வைத்த பணிசும் கொண்டுவந்து வைத்தாள்.

"தங்கச்சி, ஒங்களோட கொஞ்சம் கதைக்கோணும்."

"குடிச்சிக்கிட்டே சொல்லுங்க நானா. ஆறிடும்."

"மகேசுக்கு அந்தக் காடு சும்மா இல்ல. மொத நாள் என்ட வேன்ல வந்தவன், ரெண்டரை மணித்தியாலம் ஒரு சொல்லுப் பேசல்ல. பைப்பப் புடியெண்டாப் புடிச்சான். விடெண்டா விட்டான். பகல் சாப்பாட்டுக்குப் பொறகு ஆளக் காணல்ல. தேடிப்போனா, சேத்துக்குள்ள குந்திக்கிட்டு இரிக்கான். 'நானா, இதால ரெண்டு மான் போயிரிக்கு, ஒண்டு குட்டி' எண்டான். அண்டைக்கு அவன் வாயத் தொறந்தது அதுக்குத்தான்."

"தெரியும் நானா. பின்னேரம் வந்து எனக்கும் சொன்னவர். குட்டியிட கால் எவ்வளவெண்டு விரல்ல அளந்து காட்டினவர்."

"மறுகா என்னத்துக்குப் புள்ள மறிக்கிறீங்க?"

"எனக்குப் பயம்."

றவூப் பணிசைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை.

"பயம் எனக்கும் இரிந்ததுதான். சண்டைக் காலத்தில எங்கட பக்கம் நடந்தது ஒங்களுக்குத் தெரியும். ஒங்கட பக்கம் நடந்தது எனக்குத் தெரியும். அதக் கதைக்காமத்தான் இவ்வளவு காலமும் ஒண்டாயிருந்து தேத்தண்ணி குடிச்சம். ஆனா இது அந்தத் துவக்கு இல்ல தங்கச்சி. இது வேற."

"துவக்கில வேற எண்டு ஒண்டும் இல்ல நானா. யார்ர கையில இரிக்கிதெண்டதுதான்."

"மகேசிட கையா? அதவிட நிதானமான கைய நான் கண்டதில்ல."

இராசமணி அவருடைய கோப்பையை எடுத்து மீண்டும் நிரப்பினாள். அவளுக்குச் சொல்ல ஒரு வசனம் இருந்தது. சொன்னால் இந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் போய்விடுவார். திரும்ப ஒருநாளும் கேட்கமாட்டார். ஆனால் அடுத்தமுறை வேனில் மகேசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டும்போது வேறு விதமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையை மகேஸ் கண்டுபிடித்துவிடுவான். புல் மடிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறவனுக்கு அது பெரிய வேலையா?

"எனக்குத்தான் பயம் நானா," என்றாள் மறுபடியும். "என்னில பிழையெண்டே வைச்சுக்கொள்ளுங்க."

றவூப் போகும்போது லிப்ற் வரும்வரை அவரோடு நின்றாள். அவர் சரியான கவலையோடு போனார்.

*

நவம்பர் முதல் கிழமை கந்தசஷ்டியும் துவக்கு வேட்டைப் பருவமும் ஒன்றாக வந்தன. இராசமணி விரதம். காலையில் வேலைக்குப் போய்க் கிழவர்களுக்கு இறைச்சி அரைத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்து பாலும் பழமும் எடுப்பாள். சனிக்கிழமை விடியப்புறம் மகேஸ்வரன் செம்மஞ்சள் மேலங்கியையும் தொப்பியையும் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டான். அவள் சோறு கட்டிக் கொடுத்தாள். படிவத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அன்று அவனுக்குக் கிடைத்த ஆள் லவன். மில்லிக்கனில் வீடு வாங்கி விற்கிற ஏஜென்ற். யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்குப் பிறந்தவன், முப்பத்தாறு வயது. போன வருடம் லைசென்ஸ் எடுத்து இந்த வருடம் புதுத் துவக்கு வாங்கியிருந்தான். கிளைவ் வேறு இரண்டு பேரோடு பண்ணையின் வடக்குப் பக்கம் போக, மகேஸ்வரன் லவனைக் கூட்டிக்கொண்டு தெற்கே சீடார்ச் சதுப்புக்குப் போனான்.

"அண்ணை, கதைக்கலாமோ?"

"கதைக்கலாம். மான் இல்லாத இடத்தில."

"இஞ்ச மான் நிக்குமோ?"

"நீங்க கதைக்காட்டி நிக்கும்."

லவன் சிரித்தான். பத்து நிமிடம் பேசாமல் நடந்தான். பிறகு குளிரைப் பற்றி, சப்பாத்தைப் பற்றி, விலை இறங்கின வீடுகளைப் பற்றி மெல்ல முணுமுணுத்தான். பகல் முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. அறுத்து முடிந்த சோளக்காணியின் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தார்கள். பருப்பு, கத்தரிக்காய், பொரித்த மிளகாய். லவன் தன்னுடைய சான்ட்விச்சை விட்டுவிட்டு அதில் பாதியைச் சாப்பிட்டான்.

மூன்று மணிபோல மகேஸ்வரன் நின்றான். கையைப் பின்னால் நீட்டி லவனையும் நிறுத்தினான். அறுபது யார் தூரம் முன்னால், சீடார்களுக்கிடையில், கிடையாக ஒரு கோடு. மரங்கள் எல்லாம் நெடுக நிற்கிற இடத்தில் கிடையாகத் தெரிவது மானின் முதுகு. ஆண் மான். பின்பக்கம் திரும்பி நின்றது.

"பொறுங்க," என்றான் மூச்சளவில். "திரும்பட்டும்."

லவன் பொறுக்கவில்லை. வெடிச்சத்தம் சதுப்பு முழுக்க அடித்துத் திரும்பி வந்தது. மான் துள்ளி, முதுகை வளைத்து, மரங்களுக்குள் மறைந்தது.

"பட்டதோ அண்ணை? பட்டதோ?"

"பட்டது."

மகேஸ்வரன் போய்ப் பார்த்தான். இலையில் இரத்தம் கறுப்பாக இருந்தது. அதோடு பச்சையாகவும் ஏதோ ஒட்டியிருந்தது. வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் தூரம் ஓடும். அரை மணித்தியாலம் விழுந்த மரமொன்றில் இருந்தார்கள். பிறகு மகேஸ்வரன் முன்னால் நடந்தான். ஒரு துளி, பத்தடிக்கு ஒன்றுமில்லை, பிறகு ஒரு துளி. உதிர்ந்த இலைகளின் சிவப்புக்குள் அந்தச் சிவப்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் தவறவிட்டு, திரும்பி வந்து, மீண்டும் பிடித்தான். மேலெல்லாம் நனைந்து குளிர்ந்தது.

நாணல் ஓரத்தில் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. அவர்களைப் பார்த்தது. எழும்பப் பார்த்து, முடியாமல் விட்டது.

"சுடுங்க," என்றான் மகேஸ்வரன்.

லவன் துவக்கைத் தூக்கினான். குழல் ஆடியது. இறக்கினான். திரும்பத் தூக்கினான்.

"அண்ணை, என்னால ஏலாது. அது பாக்குது. நீங்கள் சுடுங்கோ." துவக்கை இரண்டு கையாலும் நீட்டினான். "நான் பக்கத்தில நிக்கத்தானே போறன், சட்டத்தில பிழையில்லை. பிளீஸ் அண்ணை, பிடியுங்கோ."

சட்டத்தில் பிழையில்லை என்பது மகேஸ்வரனுக்கும் தெரியும். வகுப்பில் படித்தது. மானுக்கும் அதுதான் நல்லது. ஆனால் துவக்கு தன்னை நோக்கி வந்தபோது அவன் உணர்ந்தது குளிர். மேலில் இருந்த குளிர் அல்ல, வெறுங்காலின் கீழே பனி கிடக்கிற குளிர். கம்பளிக் காலுறையும் முழங்கால்வரை சப்பாத்தும் போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்தக் குளிர் கணுக்கால்வரை ஏறியது.

"என்னட்டத் தராதீங்க," என்றான்.

"ஏன் அண்ணை?"

"தராதீங்க. நான் பின்னால இருக்கிறன். நீங்க முழங்காலில நில்லுங்க."

லவனை முழங்காலிட வைத்து, அவனுடைய வலது தோளில் கையை வைத்தான். முன்னங்காலுக்குப் பின்னால் கைப்பிடியளவு இடத்தைச் சொன்னான். மூச்சை விடு, விட்டு முடிகிற இடத்தில் நில் என்றான். தோளின் நடுக்கம் கைக்குள் அடங்கும்வரை காத்திருந்தான்.

வெடிச்சத்தத்துக்குப் பிறகு தலை நிலத்தில் கிடந்தது. லவன் துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் குமுறிக் குமுறி அழுதான். மகேஸ்வரன் கத்தியை எடுத்து வயிற்றைக் கிழித்து, கெட்டதை வெளியே எடுக்கத் தொடங்கினான். இருட்டுமுன் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

*

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். லவன் கொடுத்த பங்கை அவன் வாங்கவில்லை. வீட்டில் விரதம். றவூபுக்கும் கொடுக்க முடியாது, இறைவன் பேரில் பிஸ்மி சொல்லிச் சுடாதது. இராசமணி குசினியில் அடுத்தநாள் கோயிலுக்குக் கொண்டுபோகும் கடலையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மான் விழுந்ததா?"

"விழுந்தது. நல்லா விழல்ல."

சொன்னான். கறுப்பு இரத்தத்தையும் நாணலையும் சொன்னான்.

"அந்தத் தம்பி துவக்க என்னட்ட நீட்டினான்."

அவள் குழாயைப் பூட்டினாள். "வாங்கினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கால் குளிர்ந்தது, மணி."

"சப்பாத்துக்குள்ள தண்ணி போனதா?"

"சப்பாத்து நனையல்ல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் படிவம் கிடந்தது.

"அண்டைக்கு அடுப்பில பால் இல்ல," என்றான் அவன்.

"இல்ல."

"எனக்குத் தெரியும். பல்கனியில நிக்கக்கொள்ளயே தெரியும். முதல்நாளே பால் முடிஞ்சி நான்தானே போத்தலக் கழுவி வைச்சனான்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"நீ கூப்பிட்டாய்."

கீழே வீதியில் பஸ் ஒன்று நின்று, மூச்சு விட்டு, போனது. அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கேள்வியில் விரலை வைத்தாள்.

"இதில இல்லையெண்டு போட்டிருக்கிறீங்க."

"ஓமெண்டு போட்டால் தரமாட்டாங்கள்."

"தராட்டிப் போகட்டும். வேலை போனால் போகட்டும். இப்பிடி எழுதின தாளில நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற? அண்டைக்கு ஒண்டும் நடக்கல்லையெண்டால், அண்டைக்கு நான் வரவும் இல்லையெண்டல்லோ அர்த்தம்? அந்தப் பனிக்குள்ள நடந்து வந்தவள் யார்? ரெண்டரை வருசமா ராவில எழும்பி எழும்பி உங்கட மூச்சுக் கேக்குதா எண்டு பாக்கிறவள் யார்?"

குரல் உயரவில்லை. கண்ணீரும் வரவில்லை. மகேஸ்வரன்தான் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பிறகு நிலாணியைக் கூப்பிட்டான். அவள் அறையிலிருந்து வந்தாள்.

"மகள், இதில இன்னொண்டு பிரின்ற் எடுக்கலாமா? பிழையா எழுதிப்போட்டன். ஓமெண்டு போட்டால் கீழ விளக்கம் எழுத வேணும். எனக்கு அவ்வளவு இங்கிலிஷ் வராது. நான் தமிழில சொல்லுறன், நீ எழுது."

நிலாணி கேள்வியை வாசித்தாள். தகப்பனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். போய்ப் பிரின்ற் எடுத்து வந்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அவன் சொல்லத் தொடங்கினான். தொழிற்சாலை மூடினது. பதினொரு மாதம் வீட்டிலிருந்தது. பெப்ரவரி. பல்கனி. அவன் வசனம் வசனமாக நிறுத்திச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"அப்பா, இது அந்த பிரஷர் எண்டு சொன்ன நேரமா?"

"ஓம்."

"நான் றீடிங் வீக்கில வந்து நிண்டனே. நீங்க எனக்குத் தோசை சுட்டுத் தந்தீங்க. யூ வேர் லாஃபிங்."

"ஓம், மகள்."

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். "பிறகு?"

"பிறகு பெண்சாதி வந்து கூப்பிட்டா. நான் உள்ளுக்கு வந்தன். எழுது. அடுத்தநாள் டொக்டரிட்டப் போனம். எட்டு மாதம் குளிசை. இப்ப குளிசை இல்ல. அந்த மிஸ்ஸிட்ட இன்னும் மாதத்தில ஒருக்காப் போறன்."

எழுதி முடிந்ததும் அவள் அதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினாள். அவன் தலையசைத்தான். இராசமணி பேனாவை வாங்கித் தன்னுடைய இடத்தில் முழுப் பெயரையும் தமிழில் எழுதினாள். நிலாணி எழும்பிக் குளியலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடியது. இராசமணி போய்க் கதவைத் தட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள்.

*

அடுத்த கிழமை மகேஸ்வரன் கிளைவிடமும் றவூபிடமும் தானே சொன்னான். காட்டுக்குள் நடக்கிறபோது சொல்வது அவனுக்குச் சுகமாக இருந்தது, ஒருவரும் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. றவூப் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தார். பிறகு, "தங்கச்சி அண்டைக்கு எனக்கு ரெண்டுதரம் தேத்தண்ணி ஊத்தினா," என்று மட்டும் சொன்னார். கிளைவ் பண்ணை வாசல்வரை யோசித்துக்கொண்டு வந்தார். றவூபிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் மான் காலடியில் படுத்திருந்தாலும் மிதித்துக்கொண்டு போவார் என்றார். உனக்கு மறுவளம், கண் இருக்கிறது, லைசென்ஸ் இல்லை. அடுத்த வருடத்திலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக நடவுங்கள், துவக்கை அவர் தூக்கட்டும். றவூப் அதற்குக் கோபித்துக்கொண்டு, பிறகு ஒத்துக்கொண்டார்.

ஜனவரி நடுப்பகுதியில் இராசமணிக்குப் போன் வந்தது. வேலையில், பகல் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். அவித்த கரட்டை மெசினில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி, சாமான் அறைக்குள் போனாள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல். அதற்குப் பின்னால் தமிழில் மொழிபெயர்க்கிற இன்னொரு பெண்.

உங்கள் கணவரோடு இருப்பதில் உங்களுக்குப் பயம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அவர் உங்களை அடித்திருக்கிறாரா, மிரட்டியிருக்கிறாரா? ஒருநாளும் இல்லை. படிவத்தில் எழுதியிருப்பது உண்மையா? ஓம், அப்போது நான் அங்கேதான் நின்றேன்.

மொழிபெயர்க்கிற பெண் கொஞ்சம் தயங்கி அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அவர் கையில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபனை இருக்கிறதா, அம்மா? நீங்கள் சொல்வது அவருக்குத் தெரியவராது."

"தெரிய வந்தால் ஒண்டுமில்ல. நானே சொல்லுவன்." இராசமணி அரிசி மூட்டையில் சாய்ந்து நின்றாள். "ஓம், இப்ப வேணாம். இப்ப குடுக்க வேணாம். ஆனா இல்லையெண்டு ஒரேயடியா எழுதிப்போடாதீங்க. ரெண்டு வருசம் கழிச்சு மறுகா ஒருக்காக் கேளுங்க."

அந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ கதைத்தார்கள். அப்போதும் இதே நம்பருக்குத்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

"ஓம், இதே நம்பர்தான்," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் இஞ்சதான் இருப்பம்."